இடித்த வீட்டுக்கும் எழும்பும் வீட்டுக்கும் நடுவே

சென்னையில் குடிசை மாற்று வாரியம் ஏழைகளுக்காகக் கட்டிய பழைய போர்டு வீடுகளை இடித்துவிட்டு அதே இடத்தில் புதிய அடுக்ககம் எழுப்பும்போது, கட்டி முடியும்வரை அங்கே குடியிருந்த குடும்பங்கள் எங்கே போய் இருப்பார்கள் என்ற கேள்விக்குக் கோப்புகளில் ஒரு வரியில் பதில் இருக்கும். காலி செய்வதற்காக அரசு ஒரே தவணையில் தரும் கருணைத் தொகையைப் பெற்றுக்கொண்டு அவர்களே வேறு இடம் பார்த்துக்கொள்வார்கள் என்பதே அந்த வரியின் சாரம். நகர்ப்புற ஏழைகளின் வீட்டுவசதிக்காகப் பணியாற்றும் ஒரு சிறிய தொண்டு நிறுவனத்தில் நான் செய்யும் வேலை ஏறக்குறைய முழுவதும் அந்த ஒரு வரிக்குள் அடங்கிவிடும். நாங்கள் வீடு கட்டுவதில்லை, கட்டுவது அரசு. இடிக்கும் நாளுக்கும் சாவி கைக்கு வரும் நாளுக்கும் இடையில் ஒரு குடும்பம் கடனில் மூழ்காமலும், புது வீடு பெறுவோர் பட்டியலிலிருந்து பெயர் விழுந்துவிடாமலும் பார்த்துக்கொள்வதே எங்கள் பொறுப்பு. ஏழைகளுக்கான வீட்டின் விலையைக் கணக்கிடும் எவரும் இந்த இடைக்காலத்தைச் செலவாக எண்ணுவதில்லை என்பது என் நெடுநாள் ஆதங்கம்.

பின்னணியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். தமிழ்நாடு குடிசை மாற்று வாரியம் 1970-ஆம் ஆண்டு தொடங்கப்பட்டது. அடுத்த ஆண்டே குடிசைப் பகுதிகள் (மேம்பாடு மற்றும் அகற்றல்) சட்டம் வந்தது. 2021-இல் அது நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் என்று பெயர் மாற்றப்பட்டது என்றாலும், மக்கள் நாவில் அது இன்றும் போர்டுதான், வீடு போர்டு வீடுதான். தொடக்க ஆண்டுகளில் வாரியம் செய்த நல்ல காரியம், குடிசைகள் இருந்த இடத்திலேயோ அதற்கு மிக அருகிலேயோ மூன்று நான்கு மாடிக் குடியிருப்புகளைக் கட்டியது. நொச்சிக்குப்பமும் பட்டினப்பாக்கமும் புளியந்தோப்பும் அப்படி எழுந்தவைதான். வீடுகள் மிகச் சிறியவை. பல இடங்களில் இருநூற்றைம்பது சதுர அடியைக்கூட எட்டாது. ஆனால் மீன் விற்கிறவருக்குக் கடற்கரையும், மூட்டை தூக்குகிறவருக்குச் சந்தையும் நடந்துபோகும் தூரத்தில் இருந்தன.

அந்தக் கட்டடங்களுக்கு இப்போது வயதாகிவிட்டது. உப்புக் காற்று கம்பியைத் தின்றிருக்கும், கூரையின் பூச்சு பெயர்ந்து அடுப்பின் மேல் விழும், மேல்வீட்டுக் கழிவறையின் கசிவு கீழ்வீட்டுச் சுவரில் வரைபடம் போட்டிருக்கும். 2021 டிசம்பரில் திருவொற்றியூரில் ஒரு போர்டுக் கட்டடம் அப்படியே சரிந்து விழுந்ததில் 24 வீடுகள் தரைமட்டமாயின. விரிசலைக் கண்டு மக்கள் முன்கூட்டியே வெளியேறியிருந்ததால் உயிர்ச்சேதம் நேரவில்லை. எனவே இடிக்கலாமா வேண்டாமா என்பது இன்று விவாதமே இல்லை. இடித்த இடத்திலேயே கட்டுவதா, குடும்பங்களை ஊருக்கு வெளியே அனுப்புவதா என்பதுதான் ஒரு காலத்தில் விவாதமாக இருந்தது. 2000-ஆம் ஆண்டு முதல் கண்ணகி நகர், பிறகு செம்மஞ்சேரி, அதன்பின் பெரும்பாக்கம் என்று தெற்கே தள்ளிக்கொண்டே போன அனுபவம் அதற்குப் போதுமான பதிலைத் தந்துவிட்டது என்று நினைக்கிறேன். நகருக்குள் மூன்று வீடுகளில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்த பெண்ணுக்கு, இருபது கிலோமீட்டருக்கு அப்பால் புது வீடு கிடைத்தால் அந்த மூன்று வீட்டு வேலையும் போய்விடும். பேருந்தில் வந்துபோகும் நேரத்தில் ஒரு வீட்டு வேலையை முடித்துவிடலாம். ஆகவே அதே இடத்தில் மறுகட்டுமானம் என்பதை நான் முழு மனத்தோடு ஆதரிக்கிறேன். நான் கீழே சொல்லப்போகும் குறைகளெல்லாம் அதை ஆதரிக்கிறவரின் குறைகள்தான்.

பணம் எப்படி வருகிறது என்பதையும் சொல்ல வேண்டும். 2015-இல் தொடங்கிய பிரதமர் வீட்டுவசதித் திட்டத்தின் நகர்ப்புறப் பிரிவில், கூட்டு முயற்சியில் கட்டப்படும் வீடு ஒன்றுக்கு ஒன்றிய அரசு ஒன்றரை லட்சம் ரூபாய் தந்தது. ஆண்டு வருமானம் மூன்று லட்சம் ரூபாய்க்கு உட்பட்ட குடும்பம், சுவர்களுக்கு உட்பட்ட பரப்பு 30 சதுர மீட்டர் வரை, வீடு குடும்பத் தலைவியின் பெயரிலோ கூட்டாகவோ இருக்க வேண்டும், இந்தியாவில் வேறெங்கும் அவர்கள் பெயரில் கல்வீடு இருக்கக் கூடாது என்பவை அதன் நிபந்தனைகளாக இருந்தன. மீதிச் செலவில் பெரும்பங்கை மாநில அரசு ஏற்கிறது. ஒரு பகுதியைப் பயனாளி கட்ட வேண்டும். சில குடியிருப்புகளில் இந்தப் பங்குத்தொகை ஒன்றரை லட்சம் ரூபாய். சென்னைக்குள் ஒரு வீட்டுக்கு இது மிகக் குறைந்த தொகை என்று வெளியிலிருந்து பார்ப்பவர்கள் சொல்வார்கள், அது உண்மையும்கூட. ஆனால் அந்தத் தொகை கேட்கப்படும் நேரம், குடும்பம் ஏற்கெனவே வாடகைக்கும் முன்பணத்துக்கும் கடன் வாங்கி முடித்திருக்கும் நேரம்.

எங்கள் வேலை இடிப்பதற்கு வெகு முன்பே, பட்டியலில் தொடங்குகிறது. வாரியத்தின் பதிவேட்டில் ஒரு வீட்டுக்கு ஒரு பெயர்தான் இருக்கும்; அந்தப் பெயருக்கு உரியவர் பெரும்பாலும் இறந்துபோயிருப்பார். அவருக்கு நான்கு பிள்ளைகள் இருந்தால், ஒருவர் அந்த வீட்டில் இருப்பார், ஒருவர் அதே வரிசையில் வாடகைக்கு இருப்பார், ஒரு மகள் செங்குன்றத்தில் கட்டிக்கொடுக்கப்பட்டிருப்பார், கடைசி மகன் யாருடனும் பேச்சுவார்த்தை இல்லாமல் இருப்பார். வாரிசுச் சான்றிதழ் வாங்கி, மற்ற மூவரும் எங்களுக்கு ஆட்சேபணை இல்லை என்று கையெழுத்திட்டால்தான் பெயர் மாறும். புது வீடு வரப்போகிறது என்ற செய்தி பரவாத வரையில் அந்தக் கையெழுத்துக்கு விலையில்லை. பரவிய பிறகு உண்டு. அதனால் இடிக்கப்போவதாகப் பேச்சு எழும் முன்பே இந்தச் சான்றிதழ்களை முடித்துவிட வேண்டும் என்பதில் நாங்கள் பிடிவாதமாக இருக்கிறோம்.

இதைவிடச் சிக்கலானது கைமாறிய வீடு. ஒதுக்கீடு பெற்றவர் எண்பதுகளிலோ தொண்ணூறுகளிலோ கல்யாணச் செலவுக்காகவோ வைத்தியத்துக்காகவோ வீட்டை வேறொருவருக்குக் கொடுத்துவிட்டுப் போயிருப்பார். தவணை முறையில் ஒதுக்கப்பட்ட வீட்டைக் கிரயப் பத்திரம் பெறும் முன் விற்க முடியாது என்பதால், ஒரு முத்திரைத்தாளில் நாலு வரி எழுதி, இரண்டு சாட்சிகள் கையெழுத்திட்டிருப்பார்கள். பல குடியிருப்புகளில் நிலமே இன்னும் வேறொரு துறையின் பெயரில் இருப்பதால் கிரயப் பத்திரம் யாருக்குமே வந்திருக்காது. அப்படி வாங்கிய ஒரு மூதாட்டி எங்களிடம் ஒரு மஞ்சள் துணிப்பையைக் கொண்டுவந்தார். உள்ளே மடிப்பு மடிப்பாகக் கிழிந்து செலோடேப் ஒட்டிய முத்திரைத்தாள், முதல் உரிமையாளர் பெயரிலேயே அவர் ஆண்டுக்கணக்காகக் கட்டிய தவணை ரசீதுகள், பழைய குடும்ப அட்டை, மின் கட்டண அட்டை, எதற்கும் இருக்கட்டும் என்று ஒரு கல்யாணப் பத்திரிகை. "அந்த அட்ரஸ் பத்திரிகையில அச்சு போட்டிருக்குதும்மா, அது செல்லாதா?" என்று கேட்டார். சட்டப்படி செல்லாது. ஆனால் அவர் அங்கே தொடர்ந்து குடியிருந்தார் என்பதற்கு மின் கட்டண அட்டையோடு சேர்த்து அதையும் கோப்பில் வைத்தோம். கணக்கெடுக்க வந்த ஊழியர் முதலில் சிரித்தாலும் அதன் நகலை வாங்கிக்கொண்டார். குடியிருப்பவரா, ஒதுக்கீடு பெற்றவரா என்ற தகராறு வரும்போது நான் குடியிருப்பவர் பக்கம்தான் நிற்பேன். இதில் நடுநிலை என்று சொல்லிக்கொள்ள எனக்கு விருப்பமில்லை.

பட்டியல் முடிந்து, காலி செய்யும் நாள் அறிவிக்கப்பட்டதும் வாடகை வீடு தேடும் படலம் ஆரம்பமாகிறது. முன்பு 8,000 ரூபாயாக இருந்த கருணைத் தொகை 24,000 ரூபாயாக உயர்த்தப்பட்டிருக்கிறது. மும்மடங்கு உயர்வு, வரவேற்க வேண்டியது. அதைக் கட்டுமானம் நடக்கும் மாதங்களால் வகுத்துப் பாருங்கள். பதினெட்டு மாதத்தில் முடிந்தாலே மாதத்துக்கு 1,333 ரூபாய்தான் வருகிறது. நாங்கள் புழங்கும் வடசென்னைத் தெருக்களில் ஓர் அறையும் சமையலறையும் கொண்ட வீட்டுக்கு ஆறாயிரம் ரூபாய் வாடகை என்று வைத்துக்கொண்டால், சென்னையின் வழக்கப்படி பத்து மாத முன்பணம் 60,000 ரூபாய். கருணைத் தொகை முழுவதையும் எடுத்து நீட்டினாலும் முன்பணத்தில் பாதியைக்கூட எட்டாது. தமிழ்நாட்டின் 2017-ஆம் ஆண்டு வாடகைச் சட்டம் வீட்டுக்கு மூன்று மாத வாடகைக்கு மேல் முன்பணம் வாங்கக் கூடாது என்கிறது; வேறுவிதமாக ஒப்பந்தம் செய்துகொண்டால் தவிர, என்று அதே வரியில் வழியும் விட்டிருக்கிறது. வாடகைக்கு விடுகிறவர்கள் அந்த வழியாகத்தான் போகிறார்கள்.

பணம் இருந்தாலும் வீடு கிடைத்துவிடுவதில்லை. ஒரு வீட்டைப் பார்க்க நானும் ஒரு தம்பதியோடு போயிருந்தேன். வீட்டுக்காரம்மா கதவைத் திறந்தபடியே, "எத்தனை பேரு? எங்கேருந்து வரீங்க?" என்றார். கணவர் குடியிருப்பின் பெயரைச் சொன்னதும் அவர் முகம் மாறவில்லை, குரலும் மாறவில்லை. "மேல தண்ணி ஏறாதுங்க, உங்களுக்குச் சரிப்படாது" என்று மிகுந்த மரியாதையோடு சொன்னார். மாடியில் தொட்டி நிரம்பி வழிந்துகொண்டிருந்தது. படியிறங்கும்போது அந்த மனைவி, "போர்டுன்னு சொல்லாம தெருப் பேரைச் சொல்லுய்யா" என்று கணவரைக் கடிந்துகொண்டார். அடுத்த வீட்டில் தெருப் பெயரைத்தான் சொன்னார்கள். அங்கே என்ன ஆளுங்க என்ற அடுத்த கேள்வி வந்தது. போர்டிலிருந்து வருகிறவர்களில் பெரும்பாலோர் பட்டியலினத்தவர்களும் மீனவர்களும் என்பது ஊரறிந்தது. அதனால் ஒரே நாளில் வெளியேறும் நூற்றுக்கணக்கான குடும்பங்களும் தங்களை ஏற்றுக்கொள்ளும் அதே நான்கைந்து தெருக்களுக்குள் போய் நெருக்குகிறார்கள். அந்தத் தெருக்களில் வாடகை ஒரே மாதத்தில் ஏறிவிடுகிறது. அங்கே முன்பே வாடகைக்கு இருந்த, எந்தப் பட்டியலிலும் இல்லாத ஏழைகளும் இந்த உயர்வைச் சேர்ந்தே சுமக்கிறார்கள். அவர்களைப் பற்றி எந்த ஆய்வுக் கூட்டத்திலும் பேச்சு எழுந்து நான் கேட்டதில்லை.

இதற்காக நாங்கள் வைத்திருப்பது முன்பணத்துக்கான ஒரு சுழல்நிதி. முன்பணம் என்பது செலவாகிவிடும் பணம் இல்லை, வீட்டுக்காரரிடம் தங்கியிருந்து திரும்பி வரும் பணம் என்பதே அதன் அடிப்படை. குடும்பமும் வீட்டுக்காரரும் எங்கள் நிறுவனமும் மூன்று தரப்பாகக் கையெழுத்திடுகிறோம். குடும்பம் காலி செய்யும்போது முன்பணம் எங்களிடம் திரும்ப வேண்டும். வெள்ளையடிக்க என்று ஒரு மாத வாடகையைப் பிடித்துக்கொள்ளும் வழக்கத்தை எங்களால் ஒழிக்க முடியவில்லை என்பதால், அந்த ஒரு மாதத் தொகையை மட்டும் குடும்பம் சிறுகச் சிறுக எங்களுக்குக் கட்டுகிறது. பணம் திரும்பி வருவதில் இதுவரை பெரிய தொல்லை இல்லை. தொல்லை தொடக்கத்தில்தான்: முத்திரைத்தாள், ரசீது, நிறுவனத்தின் முத்திரை என்று பார்த்ததும் பல வீட்டுக்காரர்கள் பின்வாங்கிவிடுகிறார்கள். ரொக்கமாகக் கையில் கொடுத்தால் சரி என்பார்கள். ரசீதில்லாத ரொக்கத்தை எங்கள் தணிக்கையாளர் ஏற்கமாட்டார். இந்த இழுபறியில் குடும்பம் பொறுமை இழந்து, வட்டிக்குக் கொடுத்து நாள்தோறும் வசூலிக்கும் தண்டல்காரரிடம் போய்விடுவதும் உண்டு. அவர் காலையில் கேட்டால் மதியம் கொடுத்துவிடுவார், கையெழுத்தும் கேட்கமாட்டார், மறுநாள் முதல் வாசலில் நிற்பார்.

நன்கொடையாளர்களைப் பற்றியும் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். 2013-ஆம் ஆண்டு கம்பெனிகள் சட்டம் வந்த பிறகு, குறிப்பிட்ட அளவுக்கு மேல் வளர்ந்த நிறுவனங்கள் சராசரி நிகர லாபத்தில் இரண்டு விழுக்காட்டைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும் என்றானது. எங்களைப் போன்ற அமைப்புகளுக்கு வரும் உள்நாட்டுப் பணத்தில் கணிசமான பங்கு அந்த வழியில் வருகிறது. எத்தனை வீடுகள் என்பதுதான் அவர்கள் கேட்கும் முதல் கேள்வி. பெயர்ப்பலகை மாட்ட ஒரு சுவர் வேண்டும், புகைப்படம் எடுக்க ஒரு திறப்பு விழா வேண்டும். வட்டாட்சியர் அலுவலக நாற்காலியில் உட்கார்ந்து வாரிசுச் சான்றிதழுக்காகக் காத்திருக்கும் களப்பணியாளரின் சம்பளத்தை நிர்வாகச் செலவு என்று தள்ளிவிடுவார்கள். சுழல்நிதியைச் செலவாகக் காட்டுவதா, வரவேண்டிய கடனாகக் காட்டுவதா என்று ஒவ்வோர் ஆண்டும் மார்ச் மாதம் எங்கள் அலுவலகத்தில் சண்டை நடக்கும். சுருங்கச் சொன்னால், சுவரில்லாத வேலைக்குப் பணம் திரட்டுவது கடினம்.

இதற்கிடையில் காலம் நீள்கிறது. பெரும்பாக்கத்தில் முன்வார்ப்பு கான்கிரீட் கொண்டு 1,152 வீடுகள் கட்டினார்கள். 2021 ஜனவரி முதல் நாள் அடிக்கல் நாட்டி, 2022 மே மாதம் திறந்துவிட்டார்கள். அவ்வளவு வேகம் இயலும் என்பதற்கு அது நல்ல சான்றுதான், ஆனால் அது காலி நிலம். யாரையும் வெளியேற்ற வேண்டியிருக்கவில்லை, யாருடைய பெயரையும் சரிபார்க்க வேண்டியிருக்கவில்லை, பழைய கட்டடத்தின் இடிபாடுகளை குறுகலான தெரு வழியாக அகற்ற வேண்டியிருக்கவில்லை. நகருக்குள் மறுகட்டுமானத்தில் பதினெட்டு மாதம் என்று சொன்னது இரண்டு ஆண்டைத் தாண்டுவது சாதாரணம். மழைக்காலம் ஒன்று குறுக்கே வந்தால் அடித்தளத்தில் நிற்கும் தண்ணீரே சில வாரங்களைத் தின்றுவிடும். ஒவ்வொரு கூடுதல் மாதத்துக்கும் ஆறாயிரம் ரூபாயைக் குடும்பமே ஏற்கிறது. தாமதத்துக்கு ஒப்பந்ததாரர் அபராதம் கட்டும் விதி ஒப்பந்தத்தில் இருந்தாலும் அந்த அபராதம் வாடகை கட்டுகிறவரிடம் வந்து சேர்வதில்லை.

பிள்ளைகளின் படிப்பு இந்த இடைக்காலத்தில்தான் அறுபடுகிறது. ஒன்பதாம், பத்தாம் வகுப்புப் பிள்ளைகளைப் பள்ளி மாற்றாமல் பழைய பள்ளிக்கே அனுப்பச் சொல்லி நாங்கள் கெஞ்சுவோம். தூரம் அதிகமானதும் ஆண் பிள்ளைகள் வேலைக்குப் போய்விடுகிறார்கள். மாவுக்கடை, இட்லிக்கடை, இஸ்திரி வண்டி என்று குடியிருப்பின் வாசலையே நம்பியிருந்த சிறு தொழில்கள் வாடிக்கையாளர்கள் சிதறியதும் நின்றுபோகின்றன. அவற்றுக்கு இழப்பீடு என்று தனியாக எதுவும் இல்லை.

பிறகு குலுக்கல் நடக்கும், சாவி வரும். மாற்றுத்திறனாளிகளுக்கும் முதியோருக்கும் கீழ்த்தளத்தை ஒதுக்கிவிட்டு, மற்றவர்களுக்குச் சீட்டு எடுப்பார்கள். மூன்று மாடிகளில் வாழ்ந்தவர்கள் எட்டாவது மாடிக்குப் போகும்போது அவர்களின் மாதச் செலவில் மின்தூக்கி, நீரேற்றும் மோட்டார், மாடிப்படி விளக்கு என்று புதிய வரிகள் சேர்கின்றன. குடியிருப்போர் சங்கம் அமைத்துப் பராமரிப்புத் தொகை வசூலித்தால் அதற்கு இணையான தொகையை அரசும் தரும் 'நம் குடியிருப்பு நம் பொறுப்பு' என்ற திட்டம் நல்ல யோசனை. சங்கம் பதிவாகி, வங்கிக் கணக்கு தொடங்கி, வசூல் சீராகும் முன்பே மின்தூக்கி பழுதாகிவிட்டால்தான் சிக்கல். முதல் மாதமே பணம் கட்டியவர்கள் அடுத்த மாதம் எதற்குக் கட்ட வேண்டும் என்று கேட்பார்கள். எனவே இப்போதெல்லாம் சங்கத்தை நாங்கள் சாவி கொடுக்கும் முன்பே, வாடகை வீடுகளில் சிதறியிருக்கும்போதே, மாதத்துக்கு ஒருமுறை கூட்டிவிடுகிறோம். பெண்கள்தான் வருகிறார்கள். கட்டட வேலை எதுவரை வந்திருக்கிறது என்று நேரில் போய்ப் பார்த்து வந்து சொல்லும் பொறுப்பையும் அவர்களே எடுத்துக்கொண்டிருக்கிறார்கள். கம்பி கட்டும் வேலை நன்றாகத் தெரிந்த சித்தாள்கள் அவர்களில் பலர் என்பதால், எந்தத் தூணில் கான்கிரீட் சரியாக இறங்கவில்லை என்பதைப் பொறியாளர்களுக்கு முன்பே சொல்லிவிடுகிறார்கள்.

அடுத்து இடிக்கப்படவிருக்கும் ஒரு குடியிருப்புக்காக நாங்கள் இப்போது மூன்று கோரிக்கைகளை எழுதிக் கொடுத்திருக்கிறோம். காலி செய்யச் சொல்லும் முன் இறுதிப் பட்டியலைச் சுவரில் ஒட்ட வேண்டும் என்பதை ஏற்றுக்கொண்டார்கள். ஒப்படைக்கும் மாதத்தை எழுத்தில் தர வேண்டும் என்பது பரிசீலனையில் இருக்கிறது. கருணைத் தொகையை ஒரே தவணையில் கொடுத்து முடித்துவிடாமல், சாவி தரும் மாதம்வரை வாடகையாக மாதந்தோறும் வழங்க வேண்டும் என்ற மூன்றாவது கோரிக்கைக்கு, நியாயம்தான், ஆனால் அப்படிக் கொடுக்க அரசின் வரவுசெலவுக் கணக்கில் நிதித் தலைப்பு இல்லை என்று பதில் வந்தது. அந்தத் தலைப்பை வீட்டுவசதித் துறை செலவுக்குப் பணம் கேட்டுச் சட்டமன்றத்தில் வைக்கும் அடுத்த மானியக் கோரிக்கையில் சேர்க்க வைக்க யாரைப் போய்ப் பார்க்க வேண்டும் என்று இந்த வாரம் விசாரித்துக்கொண்டிருக்கிறோம்.